நாற்காலிக்கு இரண்டாயிரம் வெள்ளியா?

மலேசியாவில் எங்கள் பக்கத்துத் தைப்பிங் தம்பி ஒருவர் போட்ட கேள்வி (வெள்ளி என்றால் ரிங்கிட்): "அறுநூறு வெள்ளிக்கு கேமிங் நாற்காலி கிடைக்கும்போது இரண்டாயிரம், மூன்றாயிரம் கொடுத்து ஆபீஸ் நாற்காலி வாங்குகிறவர்கள் ஏமாளிகள். எல்லாம் பேருக்குக் கொடுக்கிற காசு. வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்."

மார்ச் 3, 2024

அந்த ஏமாளிகளில் நானும் ஒருத்தி. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வீட்டுக்குத் தூக்கி வந்த ஃபைல்கள் அப்புறம் ஆபீசுக்குத் திரும்பவே இல்லை. முதல் ஆறு மாதம் பந்தலில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் ஒரு பர்னிச்சர் கடையில் 480 வெள்ளிக்குக் கறுப்பு "முதலாளி நாற்காலி", தோல் என்று சொல்லித்தான் விற்றார்கள். தோலாவது ஒன்றாவது, துணிமேல் பூசின பியூ என்ற பிளாஸ்டிக் பூச்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பியூ என்ன ஆகும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும், ஆள் உட்காராமல் மூலையில் மூடி வைத்திருந்தாலும் உரியும். எனக்கு இரண்டாம் வருஷமே உரிய ஆரம்பித்தது. நைட்டியில், பாயில், பூனை முதுகில், எங்கே பார்த்தாலும் கறுப்புச் செதில். அம்மா அதைக் கரப்பான்பூச்சி இறக்கை என்று நினைத்து ஒரு வாரம் மருந்தடித்தார்.

அதோடு நாற்காலியை ஏற்றி இறக்குகிற சிலிண்டரும் போனது. காலையில் மேசை உயரத்துக்கு ஏற்றி வைத்தால் பத்து மணிக்கு மூக்கு மட்டும் மேசைக்கு மேலே தெரியும். உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் கசிய ஆரம்பித்தால் அவ்வளவுதான், ரிப்பேர் கிடையாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். மோட்டார் கடைப் பையன் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கழற்றிப் புதுசு போட்டுக் கொடுத்தான். போட்ட பிறகு பார்த்தால் உரிந்த நாற்காலிக்குப் புது சிலிண்டர், கிழவனுக்குப் பட்டுவேட்டி.

2022 நவம்பரில்தான் 2,200 வெள்ளி கொடுத்து ஹெர்மன் மில்லர் கம்பெனியின் ஏரோன் என்ற ஆபீஸ் நாற்காலியை வாங்கினேன். புதுசு இல்லை. மூடின ஆபீஸ்களிலிருந்து எடுத்து விற்கிற பெட்டாலிங் ஜெயா கடை ஒன்றில், படத்தை மட்டும் பார்த்து. ஆக ஒரு வருஷமும் நாலு மாதமும் உட்கார்ந்திருக்கிறேன், பேசலாம் அல்லவா?

ஏமாறவில்லை என்று சொல்ல வரவில்லை தம்பி. ஏமாந்தேன். ஆனால் நீங்கள் சொல்கிற இடத்தில் இல்லை.

மார்ச் 3, இரவு

சாப்பாட்டுக்கு எழுந்து போனேன், விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏரோன் மூன்று அளவில் வரும்: ஏ, பி, சி. ஏ சிறியது, சி பெரியது. மற்ற பல நாற்காலிகளில் உட்காரும் பலகையை முன்னே பின்னே இழுத்துக்கொள்ளலாம், இதில் அது கிடையாது, அதனால்தான் அளவு பார்த்து வாங்க வேண்டும். எனக்கு அது தெரியாது. கடைக்காரரிடம் கேட்டேன், "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் அக்கா" என்றார். வந்து இறங்கியது சி. நான் ஐந்தடி ஒரு அங்குலம்.

முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் நாற்காலியின் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கிறது, கால் தரையில் படவில்லை. கால் படவேண்டும் என்று முன்னால் நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் வெற்றிடம். இரண்டாயிரத்து இருநூறு கொடுத்து முக்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் மூன்று வாரம் ஓட்டினேன். தொடை மரத்துப்போகும். இடுப்பு வலி முன்னைவிடக் கூடியது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் கேட்கிறவர்களிடம் எல்லாம் "சூப்பர் சேர்" என்றேன். இந்த ஊரில் குறைந்தது இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு விலை விசாரித்தார்கள். மன்னித்துவிடுங்கள்.

கடைசியில் லோரி வாடகை என் தலையில், 150 வெள்ளி, சி போய் பி வந்தது. ஏ கேட்டேன், அவரிடம் இல்லை. பி வந்த அன்று ராத்திரி கணக்கை முடித்துவிட்டு எழுந்தபோது இடுப்பைப் பிடிக்காமல் எழுந்தேன், அதை அம்மாதான் கவனித்துச் சொன்னார்.

மார்ச் 4

அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதுகுச் சாய்வின் மேல்விளிம்புக்குப் பின்புறம், உள்பக்கமாக விரலை விட்டுத் தடவுங்கள். சின்னச் சின்ன மேடு இருக்கும். ஒன்று இருந்தால் ஏ, இரண்டு பி, மூன்று சி. கண்ணால் பார்க்கவே வேண்டாம். இது தெரிந்திருந்தால் எனக்கு 150 வெள்ளியும் மூன்று வாரமும் மிச்சம்.

எந்த நாற்காலியாக இருந்தாலும் பின்னால் தள்ளி முதுகு ஒட்ட உட்கார்ந்துகொண்டு, முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் அந்த நாற்காலி உங்களுக்கு இல்லை. கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள்.

மார்ச் 4, மறுபடியும்

உத்தரவாதத்தையும் உதிரிப்பாகத்தையும் பற்றிக் கேட்ட ஈப்போ அண்ணே, உங்களுக்கு: கம்பெனி 12 ஆண்டு உத்தரவாதம் கொடுப்பது உண்மைதான், ஆனால் அது முதலில் வாங்கியவருக்கு. என் மாதிரி பழையது வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் வாய்வார்த்தைதான். 2016-இல் உள்பாகங்கள் பலவற்றை மாற்றிவிட்டார்கள், உதிரிப்பாகம் தேடும்போது பழைய மாடலா புதிய மாடலா என்று சொல்லிக் கேளுங்கள். தயாரித்த தேதி உட்காரும் இடத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும், குனிந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 7

முந்தாநாளிலிருந்து மனசில் உறுத்துகிறது. பி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி எழுதிவிட்டேன். இடுப்பு சரியானது. தோள்பட்டை சரியாகவில்லை, அதை விட்டுவிட்டேன்.

காரணம் மேசை. கடையில் விற்கிற மேசைகள் பெரும்பாலும் சுமார் 75 செண்டிமீட்டர் உயரம், என்னுடையது 76. என் மாதிரி குள்ளமானவர்கள் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தால் முழங்கை நிற்கிற உயரம் அதைவிட நன்றாகவே கீழே. அப்போது தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்யவேண்டும், நாள் முழுக்க "எனக்கென்ன தெரியும்" என்று தோளைக் குலுக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. நாற்காலியை ஏற்றினால் தோள் இறங்கும், கால் தொங்கும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் நாற்காலியால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். அவன் செம்பனை ஆலையில் வேலை, எதையும் பேச்சில் வைத்துக்கொள்ள மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வந்து மேசைக் கால் நாலையும் எட்டு செண்டிமீட்டர் அறுத்துவிட்டான். ரம்பம் 18 வெள்ளி. என் முதுகுக்காக நான் செலவு செய்ததிலேயே உருப்படியான காசு அந்தப் பதினெட்டுதான் என்று சில நாள் தோன்றும்.

மார்ச் 8

"நாலும் ஒரே அளவா அறுத்தாரா" என்று கேட்ட தங்கச்சிக்கு: இல்லை. இடது பின்கால் குறைச்சல். மைலோ டப்பா மூடியை மடித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 16

கேமிங் நாற்காலியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் சொல்லவில்லை என்று தம்பி கோபித்துக்கொண்டார், நியாயம்தான்.

என் தோழி மகனிடம் இருக்கிறது, இரண்டு நாள் மாற்றிக்கொண்டோம். அது பந்தயக் கார் இருக்கையின் சாயல். இரண்டு பக்கமும் சிறகு மாதிரி தூக்கியிருப்பது கார் வளைவில் திரும்பும்போது ஆள் சரியாமல் பிடிப்பதற்கு. கேமரன் மலை ஏறுகிறபோது அப்படி ஒன்று இருந்தால் சௌகரியம். என் முன்னறையில் வளைவு கிடையாது, அந்தச் சிறகு தோளை உள்பக்கம் தள்ளுகிறது. கழுத்துக்கும் இடுப்புக்கும் வார் போட்டுக் கட்டின தலையணை, என் உயரத்துக்குக் கழுத்துத் தலையணை பின்மண்டையைத் தள்ளுகிறது. மேலே மறுபடியும் பியூ. ஆறடிப் பையனுக்குப் பொருந்துகிறது, அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான், நான் ஏன் கெடுக்க வேண்டும். ஆனால் அதில் ஒன்று நன்றாக இருந்தது: பின்னால் நன்றாகப் படுத்துச் சாய்கிறது.

அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிற்பதைவிட உட்காருவதில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுக்கு அழுத்தம் அதிகம் என்று 1960-களிலேயே சுவீடனில் நாச்செம்சன் என்ற எலும்பு மருத்துவர் ஊசியைச் செருகி அளந்து காட்டினார். ஆக உட்காருவதே கெடுதல், சாய்ந்தால் குறைகிறது.

மார்ச் 19

மேலே எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பிசியோதெரபி படிக்கிற அக்கா மகள் வாசித்துவிட்டு "அத்தை, பார்த்து எழுதுங்க அத்தை" என்று ஆரம்பித்தாள் (என்னை ஏன் அத்தை என்கிறாள் என்பது வேறு கதை, சின்ன வயதிலிருந்தே அப்படி).

1999-இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒருவரின் வட்டுக்குள்ளேயே கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.50 மெகாபாஸ்கல். சாயாமல் தளர்வாக உட்கார்ந்தால் 0.46. அதாவது நிற்பதைவிடக் கூடுதல் இல்லை. வலுக்கட்டாயமாக நிமிர்ந்து உட்கார்ந்தபோது 0.55, பள்ளிக்கூடத்தில் "நேரா உக்காரு" என்று பிரம்பைக் காட்டுவார்களே, அது. நாற்காலியில் சரிந்து சாய்ந்து கிடந்தபோது 0.27. ஒரே ஒரு ஆளின் உடம்பு என்பதை மறக்கக்கூடாது, ஆனாலும் உட்காருவதே கெடுதல் என்று நான் எழுதியது தப்பு. சாய்வதைப் பற்றி எழுதியது நிற்கிறது.

ஏரோனில் சாய்வின் இறுக்கத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. முன்பு உட்கார்ந்தவர் கனமான ஆள் போலிருக்கிறது, முதல் இரண்டு மாதம் நான் சாய்ந்தால் நாற்காலி என்னை முன்னால் துப்பியது. அதைச் சுற்று சுற்றென்று சுற்றவேண்டும், கை வலிக்கும். பழையது வாங்கினால் முதல் நாளே செய்யுங்கள்.

மார்ச் 31

அம்மா 31 வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு (மர வரிசைக்கு) போய், குனிந்து வெட்டி, அப்புறம் தோளில் காண்டாக் கம்பு வைத்து வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு. முதுகு வலி என்பது உட்கார்ந்தால் வரும் என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

எங்கள் தோட்டம் கைமாறி ஆபீசைக் காலி செய்தபோது தோட்டத்து எழுத்தரான கிராணியின் நாற்காலியை அப்பா பத்து வெள்ளிக்கு வாங்கி வந்தார். மரச் சட்டம், உட்காரும் இடமும் முதுகும் பிரம்புப் பின்னல், பின்னால் வெள்ளைப் பெயின்ட்டில் தோட்ட நம்பர். சம்பள நாளில் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்ற அப்பா அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், எத்தனை வருஷம் என்று எனக்குக் கணக்கில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பஞ்சை எடுத்துவிட்டு வலையை இழுத்துக் கட்டியதுதான் ஏரோனின் புதுமை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். 1994-இல் வந்தது, பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இருவர் வடிவமைத்தது, வலைக்குப் பெல்லிகிள் என்று பேர். காற்று புகும், வேர்வை தங்காது, சரி. ஏர்கோன் இல்லாத என் முன்னறையில் மத்தியானம் மூன்று மணிக்கு அதன் அருமை தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிராணி நாற்காலி அதைத்தானே அவ்வளவு காலமும் செய்துகொண்டிருந்தது? இந்தப் புழுக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஓட்டை போட்ட நாற்காலி வேண்டும் என்று யாரும் ஆராய்ச்சி செய்து சொல்லவேண்டியதில்லை.

அம்மா இன்னொன்று சொன்னார். நம்மிடம் விற்கிற மர நாற்காலியில் பாதி ரப்பர் மரம். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் எடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி, மருந்து ஏற்றிக் காயவைத்து, பர்னிச்சர் ஆக்குகிறார்கள். "நான் வெட்டுன மரம்தான் நாற்காலியா வந்து என் முதுகைக் குத்துது. பழி வாங்குது."

ஏப்ரல் 2

சரி சரி. பிரம்பும் வலையும் ஒன்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எழுதிவிட்டு நேற்று ஆர்வக்கோளாறில் கிராணி நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கணக்குப் பார்த்தேன். பிரம்பு நடுவில் தொய்ந்து குழியாகிவிட்டது, சட்டம் தொடையில் வெட்டுகிறது. வலை தொய்வதில்லை, உட்காருகிறவரின் வடிவத்துக்கு வளைந்து திரும்பிப் போகிறது. பழசுக்கு வக்காலத்து வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்தில் எழுதிவிட்டேன்.

மே 12

பூனை இருக்கிறவர்கள்: என் பூனை வலையை நகத்தால் பிறாண்டும் என்று பயந்து பழைய கைலியைப் போர்த்தி வைத்திருந்தேன். அது வலையைத் தொடவே இல்லை. கைலியைத்தான் கிழித்தது.

பல்லி எச்சத்தை ஈரத்துணியால் உடனே துடையுங்கள், காய்ந்தால் வலைக் கண்ணில் உட்கார்ந்துகொள்ளும்.

ஜூலை 21

ஏரோன் நாற்காலி இப்போது என்னிடம் இல்லை. விற்கவில்லை. முன்னறையில்தான் இருக்கிறது, டிவியைப் பார்த்துத் திரும்பி இருக்கிறது.

அம்மாவுக்கு வயது 68, முழங்கால் தேய்மானம். சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது, யாராவது கை கொடுக்க வேண்டும், அதைக் கேட்க அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் நான் பேங்குக்குப் போயிருந்தபோது ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் வந்தபோது நெம்புகோலை இழுத்து உயரத்தையும் தானே ஏற்றி வைத்திருந்தார். உயரமாக இருந்தால் எழுவது சுலபம், கைதாங்கியை ஊன்றி எழுந்துவிடுகிறார். "இதுல உக்காந்தா சூடு ஏறல" என்றார். சீரியல் ஏழு மணிக்கு, நான் ஆறரைக்கே காலி செய்துவிட வேண்டும்.

முன்பு சொல்ல விட்ட ஒன்று. ஸ்டம்பும் சாட்விக்கும் ஏரோனின் யோசனையைத் தொடங்கியது ஆபீஸ் நாற்காலியில் இல்லை. வயதானவர்களுக்கான சாய்வு நாற்காலியில். மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்குப் பஞ்சு மெத்தையில் சூடும் ஈரமும் தங்கிப் புண் வருவதைப் பார்த்துத்தான் யோசனை ஆரம்பித்திருக்கிறது. அந்த நாற்காலி விற்பனைக்கே வரவில்லை. அந்த யோசனைதான் பிறகு ஆபீசுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன், "அப்ப எனக்குன்னு செஞ்சதைத்தான் நீ உக்காந்துகிட்டு இருந்தியா" என்றார்.

ஆகஸ்ட் 4

மேலே இருப்பதைப் படித்துவிட்டு யாரும் உடனே வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துவிடாதீர்கள். நேற்று அம்மா எழும்போது நாற்காலி பின்னால் ஓடிவிட்டது. டைல்ஸ் தரை, சக்கரம். மேசையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. மைலோ மூடிதான் பறந்தது. அம்மா சிரித்தார், எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதும்போது சக்கரம் என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை பாருங்கள், நான் தினமும் அதில் உருண்டுகொண்டிருந்தும்.

இன்றைக்கே சக்கரத்தை எடுத்துவிட்டு நகராத கால்குமிழ் போட்டாயிற்று. பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிகளுக்குச் சக்கரத்தைச் செருகுகிற தண்டு 11 மி.மீ. கனம், இகேயா கடை நாற்காலிக்கு 10 மி.மீ., அளந்துவிட்டு வாங்குங்கள். பழையதை நேராக இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் அண்ணனைக் கூப்பிடுங்கள், ரம்பத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 5

தைப்பிங் தம்பி தனியாக எழுதிக் கேட்டார், கடைசியில் அறுநூறா இரண்டாயிரமா என்று. தம்பி, உங்கள் உயரம் என்ன, மேசை உயரம் என்ன? முதலில் ஒரு டேப்பை எடுத்து இரண்டையும் அளந்து போடுங்கள். அறுநூறு வெள்ளி நாற்காலி உங்களுக்குப் பொருந்தினால் என் முதல் மூன்று வாரத்தைவிட நன்றாகவே உட்கார்ந்திருப்பீர்கள். பியூ மட்டும் வேண்டாம்.

செப்டம்பர் 15

இப்போது நான் கிராணி நாற்காலியில். கோலகங்சாரில் பிரம்பு பின்னுகிற ஒரு பெரியவரிடம் கொடுத்துப் புதிதாகப் பின்னி வாங்கினேன், 90 வெள்ளி. குழி இல்லை, பரவாயில்லை, ஆனால் கைதாங்கி இல்லை, சாயாது. நாலு மணிக்கு மேல் இடுப்பு பேச ஆரம்பிக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய் வருகிறேன். அதனாலேயே முன்னைவிடக் குறைவாக வலிக்கிறதோ என்று ஒரு சந்தேகம், இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா நாற்காலியைத் திருப்பித் தரமாட்டார், நானும் கேட்கப்போவதில்லை. ஆகவே பேராக்கில் யாரிடமாவது ஏரோன் ஏ அளவு விற்பனைக்கு இருந்தால் எழுதுங்கள். 1,800 வரை தருவேன், ஈப்போ வரை வந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மேடு இருக்க வேண்டும். தயவுசெய்து தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.